மேற்கே சூலம்

ஜூன் 30, திங்கள்

நான் திரும்பி வருவேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று இங்கே எழுதி வைப்பதில் எனக்கு வெட்கமும் இல்லை.

கேட்டவர் ஜங்ஷனில் டிராவல்ஸ் வைத்திருக்கும் இசக்கியப்பன். போர்ச்சுகலில் ஒரு பல்கலைக்கழகத்தில் நம் மலைகளிலிருந்து எப்போதோ போன பெரணிச் செடிகள் காய்ந்து, பெயரிடப்படாமல், கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை வகைப்படுத்த ஒன்பது மாதத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் விடுப்பும் கிடைத்துவிட்டது. விசா வேலையை நானே பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். நேர்காணல் வைத்தால் என்ன கேட்பார்கள் என்று ஒரு ஒத்திகைக்காக மட்டும் இவரிடம் போனேன்.

வீடு சொந்தமா என்றார். வாடகை. நிலம்? இல்லை. சார் என்ன பண்றார்? சார் என்று ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. பிள்ளைகளை அவராகவே தாண்டிவிட்டார். வேலை இருக்கிறதே என்றேன்.

"வேலை சரி மேடம். வேலைய விட்டுட்டு அங்கனயே இருந்துட்டவங்க எத்தன பேரு. இங்க உங்களுக்குன்னு ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

அக்கா இருக்கிறாள் என்றேன். கூட இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, அதே பாளையங்கோட்டையில் வேறு வீட்டில் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் என்றதும் கோமதியக்கா ஆணியிலிருந்து காலண்டரையே கழற்றிவிட்டாள். தினசரித் தாளில் ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: அந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்பது. ஞாயிற்றுக்கிழமைக்கு மேற்கே சூலம்.

வாகைகுளத்தில் ஏறினால் விமானம் முதலில் வடக்கே சென்னைக்குத்தான் போகிறது என்று எடுத்துச் சொன்னேன்.

"கடைசியில எங்கட்டி எறங்குத?"

"மேற்கே."

"அப்பொ மேக்குதான்."

நான் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவள். அக்கா பம்பாயில் இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள். அத்தான் தவறிய பிறகு இங்கே வந்து, அப்பா வீட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுக்கிறாள். வாதத்தில் நான் அவளிடம் ஜெயித்ததாக வரலாறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் விலை குறைவு என்ற உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

விசாவுக்கு, அங்கே தங்க வீடு இருப்பதாக ஒப்பந்தம் காட்ட வேண்டும். வீட்டுக்காரர்களோ விசாவைக் காட்டினால்தான் ஒப்பந்தம் போடுவார்கள். இன்று ஐந்து பேருக்கு எழுதினேன். நான்கு பேர் விசாவைக் கேட்டார்கள். ஒருவர் நான் புகை பிடிப்பேனா, நாய் வளர்ப்பேனா என்று கேட்டு, இரண்டுக்கும் இல்லை என்றதும் விசாவைக் கேட்டார்.

ஜூலை 18, வெள்ளி

விசாவுக்கு வேண்டிய நற்சான்றுக்காகக் காவல் நிலையத்திலிருந்து சரிபார்க்க வந்தவர் என்னைப் பற்றி இரண்டு கேள்விகளும் பால்கனியில் இருக்கும் பெரணித் தொட்டிகளைப் பற்றி ஏழெட்டுக் கேள்விகளும் கேட்டார். அவர் மனைவி வளர்ப்பது காய்ந்துபோகிறதாம். தண்ணீர் அதிகம் ஊற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். நற்சான்று கிடைத்துவிடும்.

ஜூலை 25, வெள்ளி

சென்னைக்குப் போய் விண்ணப்பத்தையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக வைத்திருந்த ஹோட்டல் முன்பதிவைப் பார்த்தார்கள். ஒன்பது மாதத்துக்கு இது போதாது, வீட்டு ஒப்பந்தத்தைப் பிறகு அனுப்புங்கள் என்றார்கள். இசக்கியப்பனின் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஓர் அறை அகப்படும்போலிருக்கிறது. வீட்டுக்கார அம்மாளின் பெயர் மரியா டி லூர்த்ஸ். எழுபது வயது, தனியாக இருக்கிறார். மாடியில் தனி வாசலோடு அறை. வீடியோவில் என்னை ஒரு மணி நேரம் விசாரித்தார். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டானது, ஆனால் கேள்விகள் முழுசு. விசா இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை என்றார். அவருக்கு வேண்டியது வேறு: உனக்கு ஏதாவது ஆனால் நான் யாரைக் கூப்பிடுவது?

பல்கலைக்கழகத்தைக் கூப்பிடலாம் என்றேன். பல்கலைக்கழகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்றார். யோசித்துச் சொல்வாராம்.

அக்காவிடம் பெயரைச் சொன்னேன். இங்கே முருகன்குறிச்சியில் நின்று லூர்து என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இதற்கா அவ்வளவு தூரம் போகிறாய் என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அங்கிருக்கும் பேராசிரியர் எழுதியிருக்கிறார். வேலை ஒன்பது மாதத்தில் முடியாது, நிதி வந்திருக்கிறது, மூன்று வருஷம் இருக்க முடியுமா, வருவதற்கு முன் சொன்னால் நல்லது என்று. மூன்று வருஷம் என்றால் கல்லூரி வேலையை விட வேண்டும்.

நாளை பதில் எழுத வேண்டும். அக்காவிடம் சொல்ல இன்று சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பதில் எழுதவில்லை. ஆடி முடிந்துவிட்டது, இனி நல்ல நாள் பார்க்கலாம் என்று அக்கா போன் செய்தாள். சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று என் பெட்டி வெளிநாட்டுக்குப் புறப்பட்டது. அக்கா வீடு வரைக்கும்.

இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் சாமானைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கோள்களை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்றால் அவற்றுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். அக்கா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் ஃபிளாட்டில் வைக்கலாமே, பக்கம் என்றேன். அவங்களுக்கு என்ன தெரியும், ஈரத்துணியை மேலே போடுவாங்க என்று ஆட்டோவோடு வந்து நின்றுவிட்டாள்.

விசா இன்னும் வரவில்லை, பெட்டிக்கு என்ன அவசரம் என்று கடைசி முயற்சியாகக் கேட்டேன்.

"பெட்டி போச்சுன்னா ஆளு தன்னால போயிருவா."

ஒரே ஒரு விதி: வைத்த பெட்டி கிளம்பிய வீட்டுக்குத் திரும்பக்கூடாது. டியூஷன் அறையில் பெஞ்சுகளுக்குப் பின்னால் நிற்க வைத்தோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விசா வரவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். பெட்டி கிளம்பிவிட்டது, ஆள் இங்கே இருக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

விசா மையத்திலிருந்து செய்தி. வீட்டு ஒப்பந்தமும் அழைப்புக் கடிதத்தின் அசலும் உடனே வேண்டுமாம். அசல்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன. ஃபைல் பெட்டியில் இருக்கிறது. நல்ல புடவைகளும், படிக்கிற கண்ணாடியும்கூட அதில்தான்.

எடுத்து வரலாம் என்று போனேன். பெட்டியைத் திறக்கலாம், இங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், எதையும் அந்த வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்றாள் அக்கா. காகிதம் சாமான் ஆகாது என்று வாதாடினேன். பெட்டிக்குள் இருந்தால் சாமான்தான் என்றாள். ஒப்பந்தம் வந்ததும் அனுப்புகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மற்ற எல்லாவற்றையும் முடித்து, அங்கிருந்து நேரே கூரியருக்குப் போனேன். கண்ணாடியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்ததால் இதைக் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

என் ஃபிளாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நாளை பால் காய்ச்சுகிறார்கள். நான் போயிருப்பேன் என்று நம்பிக் கொடுத்த தேதி. கட்டில், ஃபிரிட்ஜ், புத்தக அலமாரி எல்லாம் ஏற்கெனவே கைமாறிவிட்டன. ஒன்பது மாதத்துக்கு யாராவது ஃபிரிட்ஜை விற்பார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பழைய ஃபிரிட்ஜ் என்றேன்.

ஆக, போர்ச்சுகலில் தற்காலிக வீடு தேடிக்கொண்டிருந்த நான் பாளையங்கோட்டையில் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறேன். பெட்டி முன்னால் போயிற்று, ஆள் தன்னால் வந்தாள்.

இது அப்பா கட்டிய வீடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா பம்பாயிலிருந்து சாமான்களோடு வந்து இறங்கியபோது நான் இங்கேதான் இருந்தேன். இரண்டு மாதத்தில் ஃபிளாட் பார்த்துக்கொண்டேன். கல்லூரிக்கு நடந்து போகலாம் என்பதுதான் காரணம். இன்று டியூஷன் பெஞ்சுகளுக்கு நடுவில் பாய் விரித்திருக்கிறேன். சுவரில் ஹிந்தி எண்கள் ஒன்றிலிருந்து நூறு வரை.

மாணவிகளுக்குக் கொடுத்த பெரணித் தொட்டிகளில் ஒன்று குறைந்திருந்தது. அது இங்கே கிணற்றடியில் இருக்கிறது. எப்போது எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அளவாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

லூர்த்ஸ் அம்மாள் வீடியோவில் வந்தார். ஹிந்திப் புத்தகங்களை அடுக்கி, போனை அதில் சாய்த்து வைத்திருந்தேன். அவர் முடிவு மாறவில்லை. நல்ல பெண்ணாகத் தெரிகிறாய், ஆனால் உனக்காகப் பொறுப்பெடுத்துக்கொள்ள ஒரு முகம் எனக்குத் தெரிய வேண்டும் என்றார். நாற்பத்தொன்பது வயதில் என்னை நல்ல பெண் என்று யாரும் சொல்லி நாளாயிற்று. நான் வாய் திறப்பதற்குள் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்றால் ஹிந்தி தெரிந்திருக்கும் என்பது அக்காவின் நம்பிக்கை. முதலில் அதில் ஆரம்பித்தாள். நான் தடுத்தேன். பிறகு தமிழில் சொன்னாள், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி.

"இவ ஒண்ணுமே வேண்டாங்கற மாதிரிதான் இருப்பா. காய்ச்ச வந்தா கதவச் சாத்திக்கிடுவா. ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிராதீக, தொறக்க வரைக்கும் தட்டுங்கன்னு சொல்லு."

உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

உங்கள் மொழியில் மகிழ்ச்சி இவ்வளவு நீளமா என்று லூர்த்ஸ் அம்மாள் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மொழிபெயர்ப்பின் நீளத்தை அவளும் அளந்திருக்க வேண்டும். என்னை ஒதுக்கிவிட்டு, போனுக்கு நேராகக் குனிந்து, "ஃபீவர். டோர் குளோஸ்," என்றாள். என்னைக் கையால் காட்டினாள். பிறகு மேசையில் தட்டினாள். நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அங்கே லூர்த்ஸ் அம்மாளும் தன் மேசையில் அதே போலத் தட்டினார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தம் நாளை வரும் என்றார். பொறுப்பாளர் இடத்தில் அக்காவின் பெயரும் போன் எண்ணும்.

அத்தோடு முடிந்திருக்கலாம். விடைபெறும்போது லூர்த்ஸ் அம்மாள், பேராசிரியர் சொன்னார், மூன்று வருஷம் என்றாலும் எனக்குச் சம்மதம் என்றார். 'த்ரீ இயர்ஸ்' என்பது யாருக்கும் புரிகிற ஆங்கிலம்.

போனை அணைத்தேன். அக்கா புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"மூணு வருசமாட்டி?"

"லீவு ஒம்பது மாசம்தான்."

"நான் கேட்டது அது இல்லலா."

"கேட்டிருக்காங்கக்கா. நான் இன்னும் பதில் சொல்லல."

"எப்பம் கேட்டாங்க? பெட்டி வைக்கதுக்கு முன்னயா, பொறவா?"

"முன்ன."

அக்கா எழுந்து பாலுக்கு உறை ஊற்றப் போனாள்.

செப்டம்பர் 8, திங்கள்

ஒப்பந்தம் வந்தது. விசா மையத்துக்கு அனுப்பினேன். தயிர் சரியாக உறையவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறாள். போர்ச்சுகலில் முருங்கைக்காய் கிடைக்குமா, குளிருக்கு எண்ணெய் உறையுமா, லூர்து அம்மாளுக்குப் பிள்ளைகள் உண்டா. உண்டு, வேறு நாட்டில் என்றேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானா என்றாள்.

இன்று ஒரு பெஞ்சைக் காணோம். டியூஷன் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் அப்பாவின் பழைய கட்டிலைப் போட்டிருக்கிறாள். போகப் போகிறவளுக்கு எதற்கு என்றேன். பெஞ்சுக்குக் கால் ஆடுகிறது, தச்சரிடம் கொடுத்திருக்கிறேன் என்றாள். பின்னால் கிணற்றடியில் அதைப் பார்த்தேன். கால் ஆடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

விசா வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்குப் பயணம்.

அக்கா பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இதில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அங்கேயே போய் நீட்டிக்கலாமா என்றாள். நீட்டிக்கலாம் என்றேன். பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"அங்கன இருக்கதுன்னா இருட்டி. நான் தடுக்க மாட்டேன். நான் பம்பாயிலேருந்து வந்தப்பமும் நீ போறேன்ன, தடுக்கலேல்லா."

தடுத்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும்விட்டேன் போலிருக்கிறது, ஏனென்றால் போகத் திரும்பிய அக்கா நின்றுவிட்டாள்.

"நீ சாத்துன கதவ நான் ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிட்டேன்," என்றாள். பிறகு அடுக்களைக்குப் போனாள்.

மத்தியானம் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பேராசிரியருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினி பேட்டரியில் ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 25, வியாழன்

நாளை கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமையும் மேற்கே சூலம்தான். அக்கா காலண்டரைப் பார்த்துவிட்டு, பெட்டி எப்பவோ கிளம்பியாச்சே என்று சொல்லிவிட்டாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மிளகாய் வற்றல் எல்லாம் உள்ளே போயின. பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடினோம். முதலில் நான் உட்கார்ந்தேன், போதவில்லை, அக்காவும் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனபோது ஒரு காரியம் செய்தேன். யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சள் பை ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் என் வீட்டுச் செருப்பையும், பழைய கண்ணாடியையும், கல்லூரி அடையாள அட்டையையும் போட்டு, பெட்டி இத்தனை நாள் நின்ற இடத்தில் பெஞ்சுக்குப் பின்னால் வைத்தேன். திரும்பி வருகிற பயணத்துக்குப் பரஸ்தானம். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். நம்புகிற ஒருத்திக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாயால் சொல்ல எனக்கு வராது.

சென்னை போய்ச் சேர்ந்ததும், பெஞ்சுக்குப் பின்னால் பார் என்று செய்தி அனுப்புவேன். பார்த்ததும் அக்கா அழுவாள். நான் பக்கத்தில் இருக்க வேண்டியிராது. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

செப்டம்பர் 26, வெள்ளி. சென்னை விமான நிலையம்

நடந்தது இதுதான்.

காலையில் அக்கா அறையைப் பெருக்கினாள். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு பெருக்கக்கூடாது என்பதால் முன்னாலேயே பெருக்கினாள். இது என் கணக்கில் வரவில்லை. நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இது என்னது?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். திரும்பி வரதுக்குப் பரஸ்தானம், ஒம்பது மாசத்துல வந்துருவேன் என்று. சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா அழவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்தாள். செருப்பை எடுத்தாள், கண்ணாடியை எடுத்தாள், அடையாள அட்டையில் இருக்கும் என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"படிச்சவதானட்டி நீ? பரஸ்தானம்னா அடுத்த வீட்டுல வைக்கணும். உன் வீட்டுலயே வச்சிட்டுப் போனா அதுக்குப் பேரு மறதி."

செருப்பைக் கொண்டுபோய் வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் போட்டாள். கண்ணாடியை அலமாரியில் வைத்தாள். அடையாள அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். காலிப் பையை நான்காக மடித்து என் கைப்பைக்குள் திணித்தாள். அங்கிருந்து கிளம்பும்போது சாமான் இரண்டை இதில் போட்டு லூர்து அம்மாளுக்குப் பக்கத்து வீட்டில் வைக்க வேண்டுமாம். கிழக்கே வருவதால் திங்களும் சனியும் ஆகாது, முன்கூட்டியே சொன்னால் நாள் பார்த்துச் சொல்வாளாம்.

கார் வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். வாகைகுளம் வரை அக்கா டிரைவரிடம், ஏசியைக் குறை, முன்னால் போகிற லாரியை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே போகும்போது என் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். பின்னால் நின்றவர் நகரச் சொல்லும் வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

விமானம் முதலில் வடக்கேதான் போயிற்று. சென்னையில் இறங்கியதும் பேராசிரியருக்கு எழுதினேன்: ஒன்பது மாதம்தான் முடியும், மீதிக் கட்டுகளின் படங்களை அனுப்பினால் ஊரிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறேன். அனுப்பிவிட்டேன்.

குடியேற்றப் பிரிவில் இருந்தவர் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். ஜூனில் என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.